பக்கத்து இருக்கையின் பிரேக்

அன்றைக்கு விடிந்தும் விடியாததுமாக பிரேக் வாத்தியார் தன் காரில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, முழங்காலில் கை வைத்தபடி வண்டி கிளம்பட்டும் என்று காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது, தான் உட்கார்ந்திருப்பது பக்கத்து இருக்கையில் என்று. ஓட்டுகிற இருக்கை காலியாகக் கிடந்தது. அசடு வழிய இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்தார். வாசலில் நின்ற மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முன்பென்றால் இதை வைத்தே ஒரு வாரம் கேலி செய்திருப்பாள். இப்போது அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

பிரேக் வாத்தியார் என்பது ஊர் வைத்த பெயர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஸ்கூல் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்: மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு பெஞ்சு, சுவரில் சாலைக் குறிகள் போட்ட ஓர் அட்டை, கூரையில் பலகை மாட்டிய ஒரே ஒரு கார். ஆயுசில் பாதியை அவர் அந்தக் காரின் பக்கத்து இருக்கையில்தான் கழித்தார். கல்யாணத்துக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, பழைய மாணவன் எவனாவது ஓட்டுவான், இவர் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டு வருவார்.

புதிதாக ஓட்ட வருகிறவர்கள் பதறினால் பிடித்து நிறுத்த, பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் வேண்டும். அதற்கென்று நல்ல சாமான் கடையில் கிடைக்கும். வாத்தியார் அதற்குச் செலவழிக்க மனம் வராமல், தெரிந்த பட்டறையில் ஓர் இரும்புத் தண்டை வைத்து இரண்டு பெடலையும் சேர்த்து வெல்டிங் அடித்துவிட்டார். எந்தப் பக்கம் மிதித்தாலும் இரண்டும் ஒன்றாக இறங்கும், ஒன்றாக ஏறும். ஆனாலும் சட்டென்று அதில் கால் வைக்கிற ஆள் இல்லை அவர். முதலில் வாய். வாய்க்கு அடங்காவிட்டால்தான் கால். இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் வருகிறவனைப் பார்த்துவிட்டால் அவன் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டுவார். "இறங்குறது வண்டி இல்லடா, உன் உசிரு! ரெண்டாவது கியர் போடு!" தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அவரிடம் திட்டு வாங்கிக் கண் கலங்காதவர்கள் அந்த ஊரில் ரொம்பக் குறைவு. ஆனால் அவரிடம் படித்தவன் மலையில் உருண்டான் என்று ஒரு பேச்சு வந்ததில்லை.

ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவரின் மனைவிக்கு ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியாது. "வீட்டுக்குள்ள வாங்குற திட்டு பத்தாதா, ரோட்டுல வேற வாங்கணுமா?" என்று அவள் ஆரம்பத்திலேயே கும்பிடு போட்டுவிட்டாள். மகள் அப்படியில்லை. பதினெட்டு முடிந்த மறுநாளே பாப்பா சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். பாப்பா என்றுதான் கடைசிவரை அவளைக் கூப்பிட்டார்கள்.

பாப்பாவைத் திட்ட வாத்தியாருக்கு வாய் எழவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்பா குரலை உயர்த்தினால் அந்தப் பெண்ணுக்கு உதடு துடிக்க ஆரம்பித்துவிடும். அது துடித்தால் இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் ஊர்ப் பிள்ளைகளிடம் வாயால் செய்த வேலையை எல்லாம் இவளிடம் காலால் செய்தார். ரயில்வே மேம்பாலத்தின் இறக்கத்திலும், நீர்த்தேக்கத்து மலைப்பாதையிலும், அவள் கால் பிரேக்கைத் தொடுவதற்குள் இவர் கால் மெல்ல அழுத்தியிருக்கும். வண்டி பூப்போல இறங்கும். "எனக்கு இறக்கம்னா பயமே இல்லப்பா," என்பாள் பாப்பா. "அவ கையில வண்டி ஆடுதா பாரு," என்று அவர் எல்லோரிடமும் பெருமையடித்தார். டெஸ்ட் சமதள மைதானத்தில் நடந்தது. முதல் தடவையிலேயே பாஸ்.

அப்புறம் அவள் வேலைக்குப் போனாள், பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினாள், சமதளமான நகரத்து ரோடுகளில் அதை ஓட்டினாள். ஒரு லீவுக்குத் தனியாக நாலு ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். அப்பா வேண்டாம் என்பார் என்று தெரிந்து, அவர் வகுப்பில் இருக்கும்போது அம்மாவிடம் கேட்டாள். அம்மா, "போயிட்டு வாடி, அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றாள். முதல் ஊரைப் பார்த்து முடித்த அன்று சாயங்காலமே, அந்த ஊர் மலைப்பாதையிலிருந்து கார் கீழே விழுந்துவிட்டது. அதிவேகம் என்று போலீஸ் சொன்னது. ரோட்டில் பிரேக் அடித்த தடமே இல்லையாம்.

துக்கம் கேட்க வந்தவர்கள் சும்மா வந்துவிட்டுப் போனார்களா? பொம்பளைப் பிள்ளையைத் தனியாகக் கார் கொடுத்து அனுப்புவார்களா, இந்தக் காலத்துப் பெண்களுக்கு எதிலும் வேகம்தான் என்று, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்கள். நாக்கில் நரம்பில்லாத ஜனங்கள். அவர்களையாவது மன்னிக்கலாம். அத்தனை பேர் நடுவில், தலையைக் கூட நிமிர்த்தாமல், வாத்தியார் மனைவியைப் பார்த்து, "நீதான அனுப்பின," என்றார்.

அன்றிலிருந்து அவள் அவரை ஏங்க என்று கூப்பிடவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். போலீஸ் திருப்பிக் கொடுத்த பாப்பாவின் போனை மட்டும் தினமும் சார்ஜ் போட்டுத் துடைத்து வைத்தாள். பாப்பா போய் ஒரு வருஷம் நெருங்குகிற சமயத்தில் ஒருநாள் தட்டை வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"அந்த ஊருக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. அவ என்னென்ன பாத்தா, எப்படிப் போனான்னு நேர்ல பாத்துட்டு வந்து சொல்லுங்க. வண்டி ஓட்டுறதப் பத்தி உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என் தப்புன்னா என் தப்பு. தெரியாம என்னால இருக்க முடியல."

அதற்காகத்தான் இந்தப் பயணம். ஆயுசில் முதல் தடவையாக வாத்தியார் தனியாக, தானே ஓட்டிக்கொண்டு, ஊர் பார்க்கப் போனார்.

கூரைப் பலகையைக் கழற்ற அவருக்குத் தோன்றவில்லை. நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் கற்றுக்குட்டி என்று நினைத்துத் தூர விலகிப் போனார்கள். ஒருவன் ஜன்னல் வழியாக எட்டி, "வாத்தியார் எங்க, கீழ தள்ளிட்டியா?" என்று கத்திவிட்டுப் போனான். இன்னொரு நாளாக இருந்தால் துரத்திப் பிடித்து நாலு கேட்டிருப்பார்.

ஊர் வந்தது. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தாள் என்று அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு சதுக்கம், நடுவில் ஒரு மணிக்கூண்டு, ஓடுகிறது ஆனால் தப்பான நேரம் காட்டுகிறது. ஒரு கல் பாலம், கீழே ஆறு என்று பெயருக்கு ஒரு கோடு. மனைவி கொடுத்தனுப்பிய பாப்பாவின் போனில் அன்றைய படங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் அவள் எங்கே நின்றிருப்பாள் என்று தேடி, அந்த இடத்தில் போய் நின்றார். மணிக்கூண்டுப் படத்தில் ஓரமாக அவளுடைய சின்னக் கார் தெரிந்தது, கோட்டுக்குள் நேராக நிறுத்தப்பட்டு, சக்கரம் நேராக. நன்றாக நிறுத்தியிருக்கிறாள்.

மியூசியத்தில் டிக்கெட் கொடுத்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒருத்தர்தானா?" ஒருத்தர்தான். உள்ளே உளுத்துப்போன நாற்காலிகள், துருப்பிடித்த வாள்கள், பஞ்சு வெளியே வந்த ஒரு முதலை. கடைசி அறையில் ஆளைக் கோணலாகக் காட்டுகிற கண்ணாடி. அதில் பாப்பா கன்னத்தை உப்பிக்கொண்டு, பூசணிக்காய் மாதிரி எடுத்த படம் போனில் இருந்தது. வாத்தியார் அதே கண்ணாடி முன்னால் நின்றார். ஒரு குண்டு மனிதன் எதிரே நின்று அழுதான். பின்னால் வந்த ஒரு குடும்பம் சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டது.

மத்தியானம் ஏரிக்குப் போனார். காலால் மிதிக்கிற படகுகள் கரையில் இடித்துக்கொண்டு நின்றன. படத்தில் பாப்பாவின் இரண்டு கால்கள் மட்டும் பெடல் மேல் இருந்தன. தனி ஆளைப் படகில் விடுவதில்லை என்றார் படகுக்காரர். தானே கூட ஏறிக்கொண்டார். நன்றாகப் பேசுகிற மனுஷன். வாத்தியார் போனைக் காட்டினார்.

"இந்தப் பொண்ணு ஞாபகம் இருக்கா?"

"தினம் எத்தனை பேர் வர்றாங்க சார். முகம் எங்க ஞாபகம் இருக்கு?" என்றவர் சிரித்தார். "கால வெச்சு எப்படிச் சொல்றது?"

இருவரும் மிதித்தார்கள். படகு சுகமாகப் போனது. வெகுநேரம் கழித்துத் தன் முழங்கால் வலிக்கவே இல்லை என்பதை வாத்தியார் கவனித்தார். இந்த வயதிலும் பரவாயில்லையே என்று கூட நினைத்தார். நடு ஏரியில் படகுக்காரர் மூக்கைச் சிந்துவதற்காகக் காலை எடுத்தார். அவ்வளவுதான், வாத்தியாரின் பெடல் கல்லாகக் கனத்தது. படகு அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்க, ஓடமாட்டேங்குது?"

"நீங்க எங்க சார் மிதிச்சீங்க? கால வெச்சுக்கிட்டு இருந்தீங்க," என்றார் படகுக்காரர். "ரெண்டு பக்கமும் ஒரே தண்டுல ஓடுது. நான் மிதிச்சா உங்க பெடலும் தானா சுத்தும். எல்லாருமே இப்படித்தான், தாங்களும் மிதிக்கிறதா நெனச்சுப்பாங்க. நானும் சொல்றதில்ல, எதுக்கு மனசு நோகணும்னு."

வாத்தியார் காலைப் பெடலிலிருந்து எடுத்துக்கொண்டார். ஏன் என்று அப்போது அவருக்குப் புரியவில்லை.

மலைக்குப் போகிற பாதை ஏரியைச் சுற்றி ஏறியது. உச்சியில் ஒரு கைப்பிடிச் சுவர், காசு போட்டால் தெரிகிற ஒரு தொலைநோக்கி, இரண்டு பெஞ்சு. கடைசிப் படம் இங்கேதான் எடுத்தது: கீழே மணிக்கூண்டும் பாலமும் ஏரியும் சாயங்கால வெளிச்சத்தில், ஒரு மூலையில் அவளுடைய விரல் மறைத்திருந்தது. அதே சுவரில் சாய்ந்து நின்று பார்த்தார். இங்கேயிருந்து பார்க்கும்போது ஊர் அழகாகத்தான் இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறாள். இதையாவது மனைவியிடம் சொல்லலாம் என்று நினைத்தார்.

இறங்கும்போது கை தானாக இரண்டாவது கியர் போட்டது. இஞ்சின் முனகி வண்டியைப் பிடித்துக்கொள்ள, பிரேக்குக்கு வேலையே இல்லாமல் இறங்கினார். பாதி மலையில் ஒரு வளைவில் பெட்டிக்கடை இருந்தது. வாசலில் தண்ணீர் டிரம், பக்கத்தில் இரண்டு மூன்று வண்டிகள் நிறுத்தியிருந்தன. கடைக்கார அம்மா சோடா எடுத்துக்கொண்டு வந்தாள். வாத்தியார் குடிக்காமல் போனை நீட்டினார். கண்ணாடியில் எடுத்த படமில்லை, நல்ல படம் ஒன்று.

அவள் பார்த்ததும் சோடாவை டிரம்மின் மேல் வைத்துவிட்டாள். "நீங்க யாரு?"

"அப்பா."

அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "இங்கதான் நின்னா. இதோ, நீங்க நிக்கிற இடத்துலதான். வண்டிலேருந்து தீஞ்ச வாடை வந்துது ஐயா. பிஸ்கட் வாங்கினா. நான் சொன்னேன், சக்கரம் சூடேறிக் கெடக்கு, கொஞ்ச நேரம் உக்காரு, ஆறட்டும், எல்லாரும் அப்படித்தான் போவாங்கன்னு. சிரிச்சா. 'இறக்கம் எனக்குத் தண்ணி பட்ட பாடுக்கா. எங்கப்பா டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்காரு. அவரே கத்துக்குடுத்தது'ன்னா."

"வேகமா வந்தாளா?"

"வேகமா? மெதுவாத்தான் வந்தா. மெதுவாத்தான் போனா. போலீஸ் எங்கிட்ட கேக்கவே இல்ல. அடுத்த வளைவு தாண்டினதும் சத்தம் கேட்டுது." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கையப் புடிச்சு உக்கார வெச்சிருக்கணும் ஐயா நான். அவங்கப்பாதான் கத்துக்குடுத்தாருன்னு சொன்னதும் விட்டுட்டேன்."

வாத்தியார் எதையோ சொல்லிச் சமாதானம் செய்தார். என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது. வண்டியில் ஏறினார். அடுத்த வளைவில் தடுப்புச் சுவர் புதிதாகக் கட்டி வெள்ளையடித்திருந்தது. அங்கே நிறுத்தவில்லை. இறக்கத்து வளைவில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர்.

கொஞ்சம் தள்ளி, பாதை அகலமாகி ஆளரவமற்று இருந்த இடத்தில், அவர் ஒரு காரியம் செய்தார். எந்த மாணவனையும் செய்யவிடாத காரியம். கியரை மேலே ஏற்றினார். நாலாவது. பாப்பா ஓட்டினது போல ஓட்டிப் பார்க்கவேண்டும். இஞ்சினின் பிடி விட்டு வண்டி கீழ்நோக்கி இழுத்தது. காலை லேசாக பிரேக்கின் மேல் வைத்தார், எடுக்காமல் வைத்தபடியே வந்தார். வண்டி பூப்போல இறங்கியது.

அப்போது பக்கத்தில் ஏதோ அசைந்தது போல இருந்தது. திரும்பினார். ஆளில்லாத இருக்கைக்குக் கீழே இரண்டாவது பிரேக், யாரும் மிதிக்காமல், தானாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் காலைத் தளர்த்தினால் ஏறியது. அழுத்தினால் இறங்கியது.

அத்தனை வருஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், இந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்ததே இல்லை.

படகுக்காரர் சொன்னது அப்போதுதான் அவருக்குள் இறங்கியது. மேம்பாலத்திலும் நீர்த்தேக்கத்து மலையிலும் இவர் அழுத்தும்போது பாப்பாவின் காலுக்கடியில் பெடல் தானாகத் தாழ்ந்திருக்கிறது. தான்தான் மிதித்தேன் என்று குழந்தை நினைத்திருக்கிறாள். மேல் கியரிலேயே போகலாம், லேசாகக் கால் வைத்தால் போதும், இறக்கம் அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறாள். ஊரில் உள்ள அத்தனை பேரையும் இரண்டாவது கியர் போடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினவர், பெற்ற பெண்ணிடம் மட்டும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. உதடு துடிக்குமே என்று.

தீய்ந்த வாடை வண்டிக்குள் வர ஆரம்பித்தது. பெடல் லேசாகப் பஞ்சு மாதிரி அமுங்கியது; சூடேறிய பிரேக் பிடிக்காமல் போவது இப்படித்தான் ஆரம்பிக்கும். ஒரு நொடி, அப்படியே விட்டுவிடலாமா என்று வாத்தியார் நினைத்தார். நினைத்தார் என்பதை மறைப்பானேன். ஆனால் மனைவி பதிலுக்காக வாசலில் நிற்பாள். கை கியரைக் குறைத்தது. இஞ்சின் அலறி வண்டியைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. மனைவி நிஜமாகவே வாசலில் நின்றாள். வழியெல்லாம் அவர் பொய் ஒன்று தயார் செய்துகொண்டு வந்திருந்தார். வண்டியில் கோளாறு, யார் மேலும் தப்பில்லை என்று. யாருக்கும் நோகாத, நல்ல பொய். அவள் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

"சந்தோஷமா இருந்திருக்கா. எல்லாம் பாத்திருக்கா. வேகமா போகல, மெதுவாத்தான் போயிருக்கா," என்றார். அப்புறம் ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். "இங்க வந்து உக்காரு."

அவள் அந்த இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு, ஸ்டீயரிங்கைத் தொடாமல் உட்கார்ந்தாள். அவர் சுற்றிக்கொண்டு வந்து தன் பழைய இடத்தில் அமர்ந்தார்.

"நடுவுல இருக்குல்ல, அதுதான் பிரேக்கு. வலது கால அது மேல வை. லேசா."

வைத்தாள். வாத்தியார் தன் பக்கத்துப் பெடலை மெல்ல அழுத்தினார், பாப்பாவுக்கு அழுத்தினது போலவே, குலுங்காமல்.

"இப்ப யாரு மிதிச்சா?"

"நான்தான்," என்றாள் அவள், ஒன்றும் புரியாமல்.

"கீழ பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள், அவர் காலைப் பார்த்தாள். அவர் காலைத் தூக்கியபோது தன் கால் ஏறுவதையும், வைத்தபோது இறங்குவதையும் பார்த்தாள். கடைக்கார அம்மா சொன்னதை அவர் சொன்னார், கியரைப் பற்றிச் சொன்னார், மேம்பாலத்தைப் பற்றிச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. அவள் பெடலின் மேலிருந்து காலை எடுக்கவில்லை.

"இத்தனை மாசமா," என்றாள் கடைசியில். குரல் உயரவில்லை. "இத்தனை மாசமா என்னைச் சொன்னீங்களே."

அவர் பாப்பாவின் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். பாப்பாவின் போனை மட்டும் அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறை விளக்கு எரிந்தது. சாப்பிட வாங்க என்று சத்தம் வருமா என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. வாத்தியார் பக்கத்து இருக்கையில் அப்படியே இருந்தார். பிரேக்கின் மேலிருந்து காலை எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பின்னால், மதில் சுவரில், வண்டியின் பிரேக் விளக்குச் சிவப்பு விழுந்துகொண்டே இருந்தது.